கைக்கு ஒரு சட்டை

அப்துல் ஜப்பாருக்கு உள்ளங்கை வேர்க்கும். தென்காசியில் ஜவுளிக்கடை நடத்த அது இடைஞ்சல் இல்லை. குற்றாலம் கிளப்பில் ஸ்நூக்கர் ஆடத்தான் இடைஞ்சல். இடது கையை மேஜையில் ஊன்றி, அதன்மேல் கோலை வழுக்கவிட்டுப் பந்தை அடிக்க வேண்டும். கை ஈரமானால் கோல் பாதியில் ஒட்டிக்கொள்ளும். சாரல் காலத்தில் கேட்கவே வேண்டாம்.

மூன்றே பந்து வைத்து ஆடும் பில்லியர்ட்ஸில் சமாளித்துவிடுவார். ஸ்நூக்கரில் இருபத்திரண்டு பந்து. அந்த நெரிசலில் மயிரிழை பிசகினாலும் எதிராளிக்கு விருந்துதான். கிளப் போட்டியில் முந்தைய இரண்டு சீசனிலும் இறுதியாட்டத்தில் வக்கீல் சங்கரநாராயணனிடம் தோற்றார்.

பவுடர் பூசிப் பார்த்தார். அது சாரல் ஈரத்தில் களியாகி மேஜையின் பச்சைத் துணியில் அப்பியது. கிளப் செயலாளர் ஆறுமுகநயினார் கொதித்துப்போனார்.

"பாய், இன்னொரு தடவ துணியில கறை பட்டுது, போட்டியில உங்க பேரே இருக்காது. சொல்லிட்டேன்."

கடையை மூடச் சொன்னாலும் மூடுவார், ஸ்நூக்கரை விடமாட்டார் எங்கள் ஜப்பார். வீட்டில் போய்ப் புலம்பினார். மனைவி ஹைருன் பீவி தெருவுக்கே ஜாக்கெட் தைப்பவர்.

"கைதான ஒட்டுது? கைக்கு ஒரு சட்ட தச்சாப் போச்சு. எந்தக் கையால அடிப்பீய?"

"வலது கை."

கடையில் மிஞ்சிய சாட்டின் துணியில் வலது கைக்கு ஐந்து விரலும் வைத்து அழகாகத் தைத்துவிட்டார். ஜப்பார் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஏட்டி, அடிக்கிறதுதான் வலது கை. கோல் ஓடுறது இடது கைமேலல்லா!"

"அத மொதல்லயே சொன்னா வாய் நோவுதா?"

மிச்சத் துணி இடது கையில் மூன்று விரலுக்குத்தான் வந்தது. கோல் படுவதும் அந்த விரல்களில்தான் என்பதால் ஜப்பார் அதையே மாட்டிக்கொண்டார்.

1959 சீசனின் இறுதியாட்டம். மெட்ராஸில் வாங்கிய கோலைத் தோலுறையிலிருந்து எடுத்த வக்கீல், ஜப்பாரின் கையைப் பார்த்தார்.

"என்ன பாய், விக்கெட் கீப்பிங் பண்ணப் போறீயளா?"

எல்லோரும் சிரித்தோம். ஆடத் தெரியாத எனக்குச் சிரிப்பு மட்டும் சத்தமாக வரும். இதை அனுமதிக்கக் கூடாது என்று வக்கீல் செயலாளரிடம் வாதாடினார்.

"துணியில கறை படாதுல்லா? ஆடட்டும்" என்றார் ஆறுமுகநயினார்.

கடைசியில் கறுப்புப் பந்து மட்டும் மிஞ்சியது. யார் குழியில் போட்டாலும் கோப்பை அவருக்கு. வெளியே சாரல் கொட்டியது. வக்கீல் குனிந்தார். அன்றைக்கென்று அவர் கையும் வேர்த்தது போலும், கோல் ஒட்டி, பந்து மேஜையின் மறுகோடியில் போய் நின்றது. ஜப்பார் கிளப்பின் பழங்கோலை எடுத்தார். சாட்டின்மேல் அது எண்ணெய் விட்டதுபோல் ஓடியது. கறுப்பு நேராகப் போய்க் குழியில் விழுந்தது. நான் போட்ட கூச்சலில் தொண்டை கட்டிக்கொண்டது. அப்படியொரு சந்தோஷம் எனக்கு!

கோப்பையோடு வீட்டுக்குப் போனவரிடம் ஹைருன் பீவி கையுறை எங்கே என்றுதான் கேட்டாராம்.

"வக்கீல் கழட்டி வாங்கிட்டாரு. அவருக்கும் ஒண்ணு தச்சுத் தரணுமாம்."

ஹைருன் பீவி கோப்பையை ஓரமாக நகர்த்தி, கத்தரிக்கோலை எடுத்தார்.

"தைக்கேன். கோல் எந்தக் கைமேல ஓடும்னு மொதல்ல கேட்டுட்டு வாங்க."