நாலரை மணிச் சத்தம்

பிரான்சுக்கு வந்த புதிதில் என்னைக் குழப்பியது குளிரோ சாப்பாடோ அல்ல. ‘இல்’ என்கிற ஒரு சின்னச் சொல். பேருந்து நிறுத்தத்தில் பக்கத்தில் நிற்கும் கிழவர் வானத்தைப் பார்த்துவிட்டு “இல் ப்ளே” என்பார். மழை பெய்கிறது என்று அர்த்தம். ஆனால் சொல்லுக்குச் சொல் எடுத்தால் ‘அவன் பெய்கிறான்’ என்றும் ஆகும். அவனும் இல், அவரும் இல், சைக்கிளும் இல், சத்தமும் இல். நாம் உயிர் உள்ளதற்கும் இல்லாததற்கும் நடுவில் அவன், அது என்று வரப்பு போட்டு வைத்திருக்கிறோம். இங்கே அந்த வரப்பு கிடையாது. வந்து பத்து வருடத்துக்கு மேல் ஆன பிறகும் ஒரு பழைய சைக்கிள் விஷயத்தில் இந்தச் சொல்லை நான் தப்பாகப் புரிந்துகொண்டேன். அதனால் நடந்ததைத்தான் ஊரில் இருக்கிறவர்களுக்கும் என்னைப்போல் வந்துவிட்டவர்களுக்கும் எழுதுகிறேன்.

நான் பாகூர்க்காரன். ஏரிக்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் எங்கள் வீடு. பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வு பெற்ற வில்லியனூர்க்காரர் ஒருவரின் மகளைக் கட்டியதால் எனக்கும் பிரான்சுக்கு வழி திறந்தது. பாரிசுக்குத் தெற்கே ஒரு சிறிய ஊரில், ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. பாகூர் வீட்டில் என் தங்கை மல்லிகாவும் அவள் கணவர் தனசேகரும் இருந்தார்கள். தனசேகருக்கு மாட்டாஸ்பத்திரியில் உதவியாளர் வேலை. காலையில் ஊசிப் பெட்டியைப் பின்னால் கட்டிக்கொண்டு வரப்பும் சேறுமாக ஊர் ஊராகப் போய்விட்டு இரண்டு மணி வாக்கில் திரும்புவார். எண்பதுகளின் கடைசியில் ஒரு மழைக்காலத்தில் அவருடைய சைக்கிள் முறிந்து, வாய்க்காலில் விழுந்து கையைப் பிசக்கிக்கொண்டார். பொங்கலுக்கு வரும்போது வேறு எதுவும் வேண்டாம், அவருக்கு உறுதியான சைக்கிள் ஒன்று போதும் என்று மல்லிகா எழுதியிருந்தாள். முழுகாமல் இருப்பதையும் அதே கடிதத்தின் கடைசி வரியில் எழுதியிருந்தாள்.

அப்போது இங்கே மலைப்பாதையில் ஓட்டும் சைக்கிள் பரவிக்கொண்டிருந்தது. தடித்த டயர், நேரான ஹாண்டில்பார், கை விரலில் மாற்றும் கியர். ‘வேதேதே’ என்பார்கள். ரொட்டிக் கடைக் கண்ணாடியில் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்து நான் போன வீடு காட்டோரத்தில் இருந்தது. ஐம்பது வயதைத் தாண்டிய ஓர் அம்மாள் கொட்டகையைத் திறந்துவிட்டார். பெயர் லூசி. “என் கணவருடையது. வசந்த காலத்தில் தூக்கத்திலேயே போய்விட்டார்,” என்றார். நான் ஏறி முற்றத்தைச் சுற்றினேன். கிறீச், கிறீச் என்று ஒரு சத்தம். ஒவ்வொரு மிதிக்கும் ஒன்று, நடுவில் மூச்சு வாங்குவதுபோல ஓர் இடைவெளி.

“இந்தச் சத்தம், மதாம்?” என்று கேட்டேன்.

“இல் ரெவியான்,” என்றார். திரும்ப வரும். “தூ லே ழூர்.” தினமும்.

எண்ணெய் போட்டாலும் சத்தம் மறுபடி வந்துவிடும் என்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். “என் தங்கை புருஷன் கெட்டிக்காரர். நிறுத்திவிடுவார்,” என்றேன். அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். எங்கே கொண்டுபோகிறீர்கள் என்று கேட்டார். இந்தியாவுக்கு என்றேன். “அவ்வளவு தூரமா?” என்று ஸீட்டின்மேல் கையை வைத்தார். கொஞ்ச நேரம் எடுக்கவே இல்லை. பிறகு, “அப்படியானால் சரி,” என்றார்.

செத்தவர் புழங்கிய பொருளை, அதுவும் பிள்ளைத்தாய்ச்சி இருக்கிற வீட்டுக்குள், நம் பக்கத்தில் கொண்டுவர மாட்டார்கள். அது எனக்குத் தெரியும். இந்த ஊரில் செத்தவரின் கோட்டைக்கூடக் கூசாமல் போட்டுக்கொள்கிறார்கள், இதில் என்ன இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கழற்றி அட்டைப்பெட்டியில் அடைத்து, விமானத்தில் ஏற்றி, சென்னையிலிருந்து பஸ் கூரையில் போட்டு, பாகூரில் இறக்கினேன். கடையில் வாங்கிய பழசு என்று வீட்டில் சொன்னேன்.

கடைத்தெருவில் சைக்கிள் கடை வைத்திருந்த முருகையன் அதைப் பார்த்துவிட்டு வெளியே வந்தார். “இன்னாபா இது, ட்ராக்டர் டயரப் புடுங்கி மாட்டிக்கினு வந்துட்ட?” என்றார். ஆனால் தனசேகர் ஏறி மிதித்ததும் சிரிப்பை நிறுத்தினார். “சத்தம் கேக்குதே. அச்சுல பேரிங் குண்டு போயிருக்கும். கய்ட்டு.”

மூன்று நாள் அந்தச் சத்தத்தைத் தேடினோம். பெடலைக் கழற்றிக் கிரீஸ் வைத்தோம். நடு அச்சைப் பிரித்துக் குண்டுகளை மண்ணெண்ணெயில் அலசினோம்; புதுசுபோல இருந்தன. செயினுக்கு எண்ணெய் விட்டோம். தனசேகர் ஏரிக்கரை வரை ஓட்டிவிட்டு வருவார். அவர் தெரு திரும்பும் முன்பே சத்தம் வந்துவிடும். முருகையன் கையை விரித்தார். மூன்றாம் நாள் மாலை தனசேகர் இறங்காமலே என்னைக் கூப்பிட்டார்.

“மச்சான், எழுந்து நின்னு மிதிச்சா சத்தம் இல்ல. குந்துனாதான் வருது.”

“அப்போ மிதிக்கிற எடத்துல இல்ல மாப்ள. குந்துற எடத்துலதான் இருக்கு.”

ஸீட்டைத் தாங்கும் கம்பியை உருவினோம். உள்ளே பழுப்புத் தூள் காய்ந்து ஒட்டியிருந்தது. ஆள் உட்கார்ந்து எடை விழும்போதெல்லாம் கம்பி குழாயோடு உரசிக் கத்தியிருக்கிறது. துணியைக் குச்சியில் சுற்றித் துடைத்து, கிரீஸ் தடவி, இறக்கி முடுக்கினோம். தனசேகர் ஏரியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தார். பூனைபோல வந்து நின்றார். மல்லிகாகூட வாசலுக்கு வந்து கைதட்டினாள்.

மறுநாள் சாயங்காலம் தனசேகர் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். நான் பின்பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். சைக்கிள் கொய்யா மரத்து நிழலில், சுவரில் சாய்ந்திருந்தது. அப்போது கிறீச் என்றது. இடைவெளி. மறுபடி கிறீச். முதலில் வேகமாக, பிறகு மேடு ஏறுவதுபோல மெதுவாக, இன்னும் மெதுவாக. வீடு வந்துவிட்டது என்பதுபோல நின்றது. சக்கரம் அசையவில்லை. பெடல் அசையவில்லை. ஆள் உட்கார்ந்தால் மட்டும் வருகிற சத்தம் அது என்று முந்தின நாள்தான் கண்டுபிடித்திருந்தோம். கிட்டே போய் ஸீட்டைத் தொட்டேன். நிழலில் இருந்த ஸீட் சூடாக இருந்தது. பயத்தில் மணி பார்த்தேன். கைக்கடிகாரம் பன்னிரண்டு காட்டியது. பதினைந்து நாள் விடுமுறைக்கு எதற்கு மாற்றுவது என்று அதைப் பிரான்சு நேரத்திலேயே விட்டிருந்தேன். அப்போது அதை யோசிக்கவில்லை.

அடுத்த நாளும் வந்தது. அதற்கடுத்த நாளும். நான் வாயைத் திறக்கவில்லை. பிரான்சுக்குத் திரும்ப இரண்டு நாள் இருக்கும்போது மல்லிகா எனக்கு எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

“ண்ணா, இது யாரு சைக்கிளு?”

“கடைல வாங்குனது.”

“கடைக்காரனுக்கு எவன் குடுத்தான்?”

“எவனோ. எனக்கு இன்னா தெரியும்?”

“தெனம் நாலரைக்கு யாரோ வூட்டுக்கு வராப்ல இருக்குது ண்ணா. நீயும் கேக்கற, எனக்குத் தெரியும். அந்த ஆளு உசுரோட இருக்கானா, இல்லியா? வயித்துப் புள்ளக்காரி கேக்கறேன்.”

“இருக்கான்,” என்றேன்.

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து போய்விட்டாள். என் தங்கையிடம் நான் சொன்ன பொய்களில் மோசமானது அதுதான். விமானத்தில் வரும் வழியெல்லாம், அவளுக்கும் பிள்ளைக்கும் ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வேன் என்பதைத் தவிர வேறு நினைப்பு இல்லை.

வந்த முதல் சனிக்கிழமையே மதாம் லூசி வீட்டுக்குப் போனேன். என்னை அடையாளம் கண்டதும் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், “சத்தத்தை நிறுத்திவிட்டோம்,” என்றேன்.

அவர் முகம் வெளுத்தது. “அப்படியானால் இல் இப்போது வருவதில்லையா?”

“ஓட்டும்போது வருவதில்லை, மதாம். சும்மா நிற்கும்போது வருகிறது. ஆள் இல்லாமல்.”

அவர் மேசையைப் பிடித்துக்கொண்டார். “எத்தனை மணிக்கு?”

“நாலரைக்கு.”

“நாலரையா?” தலையை ஆட்டினார். கண் கலங்கிவிட்டது. “இல்லை, அது மர்சேல் இல்லை. என் கணவர் பன்னிரண்டுக்கு வருவார். மர மில்லிலிருந்து சாப்பாட்டுக்கு. ஒரு நாளும் பிந்தினதில்லை.”

அப்போதுதான் அந்த ‘இல்’ யார் என்று எனக்குப் புரிந்தது. அன்று கொட்டகையில் அவர் சொன்னது சத்தத்தை அல்ல. கூடவே, கொய்யா மரத்தடியில் நான் பார்த்த கடிகாரமும் ஞாபகம் வந்தது. “மதாம், இங்கே பன்னிரண்டு அடிக்கும்போது எங்கள் ஊரில் மணி நாலரை,” என்றேன்.

பிறகு அவராகவே சொன்னார். அடக்கம் முடிந்த வாரத்திலிருந்தே பன்னிரண்டு மணிக்குக் கொட்டகையில் அந்தச் சத்தம் கேட்குமாம். கதவைத் திறந்தால் யாரும் இருக்க மாட்டார்களாம். தாங்க முடியாமல்தான், திரும்பி வர முடியாத தூரத்துக்குப் போகட்டும் என்று எனக்கு விற்றிருக்கிறார். “இப்போது பன்னிரண்டு மணிக்கு இந்த வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை,” என்றார்.

அன்று ராத்திரியே மல்லிகாவுக்கு எல்லாவற்றையும் எழுதினேன். பொய் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டேன். சைக்கிளைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடச் சொன்னேன். பதில் வர ஒரு மாதம் ஆனது. அவள் எழுதியிருந்தது இது:

“அண்ணா, நீ பொய் சொன்னது அன்னைக்கே தெரியும். யாரு, இன்னாத்துக்கு வராங்கன்னு தெரியாமதான் பயந்துகிட்டு இருந்தேன். சோத்து வேளைக்கு வூடு தேடி வர ஆளுன்னு தெரிஞ்சப்புறம் பயம் இல்ல. யாரு பெத்த புள்ளயோ, பாஷ தெரியாத ஊருக்கு வந்து நிக்குது. பசியோட அனுப்பக் கூடாது. நாலேகாலுக்குக் கொய்யா மரத்தாண்ட ஒரு எலைல சோறு வைக்கறேன். சத்தம் நிக்கற வரைக்கும் ஒரு காக்கா கிட்ட வராது. நின்னப்புறம்தான் எறங்குது. சைக்கிள இரும்புக்குப் போட வேணாம்னு இவரும் சொல்றாரு. புள்ள நல்லா ஒதைக்குது.”

கடிதத்தை எடுத்துக்கொண்டு மதாம் லூசியிடம் போய், எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் ஒவ்வொரு வரியாகச் சொன்னேன். அவர் அழுவார் என்று நினைத்தேன். கையைத் துடைத்துக்கொண்டு, என்ன சாப்பாடு வைக்கிறார்கள் என்று கேட்டார். சோறும் குழம்பும் என்றேன். “மர்சேலுக்குக் காரம் ஒத்துக்கொள்ளாது. வயிற்றைப் பிடித்துக்கொள்வார். உங்கள் தங்கையிடம் சொல்லுங்கள்,” என்றார். அதையும் எழுதிப் போட்டேன். அன்றிலிருந்து தயிர்ச்சோறுதான் என்று பதில் வந்தது.

பிறகு மல்லிகாவுக்கு ஆண் குழந்தை சுகமாகப் பிறந்தது. தனசேகர் அந்த சைக்கிளில்தான் இன்னும் வரப்புகளில் போய்வருகிறார். மதாம் லூசியை எப்போதாவது ரொட்டிக் கடையில் பார்ப்பேன். சாப்பிடுகிறாரா என்று கேட்பார். சாப்பிடுகிறார் என்பேன். இப்போது ‘இல்’ என்றால் யார் என்று இருவரும் கேட்டுக்கொள்வதில்லை.

சலவைக்கூடத்தில் பன்னிரண்டுக்கு மணி அடித்ததும் வேலையை நிறுத்திவிட்டுச் சாப்பாட்டுக்கூடத்துக்குப் போகிறோம். தட்டில் ரொட்டியும் வேகவைத்த உருளைக்கிழங்கும் இருக்கும். முன்பெல்லாம் பேசிக்கொண்டே சாப்பிடுவேன். இப்போது முதல் வாய் எடுக்கும் முன் கை கொஞ்சம் நின்றுவிடுகிறது. இந்த ஊர்க்காரர் ஒருவர் இதே நிமிஷம் என் வீட்டுக் கொய்யா மரத்தடியில் என் தங்கை போட்ட இலைக்கு முன்னால் வந்து நிற்கிறார். நான் அவருடைய ஊரில் அவருடைய சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.