அரை மணி நேர வேலைக்கு எழுநூறா?

வத்தலக்குண்டு ரோட்டில் அந்த மாடி வீடு. வீட்டுக்காரர் பேங்கில் இருந்து ரிட்டயர் ஆனவர். சித்திரை வெயிலில் அவர் வீட்டு ஏசி காற்றை மட்டும் விட்டது, குளிரவில்லை. வேறொரு மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, கம்ப்ரசர் போச்சு, பதினாலாயிரம் ஆகும் என்று சொல்லிப் போயிருந்தான். அதில் சந்தேகம் வந்துதான் என்னைக் கூப்பிட்டார். நான் வேடசந்தூரில் இருந்து வண்டியில் போனேன்.

அவுட்டோர் யூனிட் இரண்டாவது மாடிச் சுவருக்கு வெளியே இருந்தது. இடுப்பில் கயிற்றைக் கட்டி, மறுமுனையை ஜன்னல் கம்பியில் முடிந்துகொண்டு சன்ஷேடில் இறங்கினேன். தகர மூடி கையைப் பொசுக்கியது. கம்ப்ரசருக்கு ஒன்றுமே இல்லை. அதைக் கிளப்பிவிடுகிற கெப்பாசிட்டர்தான் உப்பிப் போயிருந்தது. புதுசை மாட்டினேன், ஏசி குளிர்ந்தது.

உள்ளே வந்து, சாமான் முன்னூறு, கூலி எழுநூறு என்றேன்.

"அரை மணி நேர வேலைக்கு எழுநூறாப்பா? எரநூறு வாங்கிக்க."

"நானும் கம்ப்ரசர்னு சொல்லியிருந்தா குடுத்திருப்பீங்கல்ல சார்?"

"அது பொருளுக்கு வெல. நீ என்ன செஞ்ச? நாலு ஸ்க்ரூவக் கழட்டி மாட்டுன."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பதினாறு வருசம் இந்த வேலையில் கிடந்ததால்தான் அரை மணியில் முடிந்தது. பொய் சொல்லியிருந்தால் மரியாதையாக எண்ணிக் கொடுத்திருப்பார். உண்மையைச் சொன்னதற்கு எனக்கு அபராதம்!

"ஒரு ரூவா கொறைக்க மாட்டேன் சார். இல்லைன்னா பழசையே மாட்டிட்டுப் போறேன்" என்று கயிற்றைக் கையில் எடுத்தேன்.

உள்ளேயிருந்து வந்த அவர் மனைவி, "அந்த வெயில்ல நீங்களா போய்த் தொங்குனீங்க? குடுத்து அனுப்புங்க" என்றார். வீட்டுக்காரர் நோட்டுகளை என் கையில் தரவில்லை, மேஜைமேல் விட்டெறிந்தார். பொறுக்கி எடுத்துக்கொண்டு படி இறங்கும்போது, காசு வாங்கியும் தோற்றவன் மாதிரி இருந்தது.

பேராசைக்காரன் என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டார் போல. அங்கே வழக்கமாகக் கூப்பிடும் இரண்டு வீட்டுக்காரர்கள் அதன்பிறகு கூப்பிடவே இல்லை.

இப்போது போனிலேயே கூலியைச் சொல்லிவிடுகிறேன். சிலர் கேட்டதும் போனை வைத்துவிடுகிறார்கள். வைக்கட்டும். கையேந்தி நிற்க நான் சன்ஷேடில் இறங்கவில்லை.