படுக்க வைத்த மணல் கடிகாரம்

விளையாட்டில் தையல்காரரின் முறை வந்தால் மட்டும் என் அண்ணன் மணல் கடிகாரத்தைப் படுக்க வைத்துவிடுவார். கை தவறிப் பட்டது போல இருக்கும். தையல்காரருக்குத் திக்குவாய். மணல் இறங்காமல் நின்றால் அவர் நிதானமாகப் பேசி முடிப்பார். அண்ணன் இதை யாரிடமும் சொன்னதில்லை. டீ கொண்டுபோன போது நானாகக் கண்டுகொண்டது.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். வாரம் முழுக்க இருட்டுக் குழிக்குள் கிரீஸோடு கிடக்கிறவருக்கு ஞாயிறு சாயங்காலம்தான் உயிர். எங்கள் சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்து கதை விளையாட்டு விளையாடுவார்கள். காடு, கோட்டை, பூதம் என்று அண்ணன் கதை சொல்வார். தையல்காரர், பேக்கரிக்காரர், அண்ணியின் தம்பி மூவரும் ஆளுக்கொரு கதாபாத்திரமாகி, என்ன செய்கிறோம் என்று சொல்லிப் பகடை உருட்டுவார்கள்.

கடிகாரம் வந்ததே அந்தத் தம்பியால்தான். இன்சூரன்ஸ் ஏஜெண்ட், பேச்சுதான் பிழைப்பு. அடுத்தவர் முறையிலும் அவனே பேசுவான். கதையில் தன்னோடு சேர்ந்து வருகிறவர்களிடமே திருடுவான். கேட்டால், "என் பாத்திரம் திருடன், நான் என்ன மாமா பண்றது?" என்பான்.

முதல் தடவை அதைக் கேட்டு, அடுப்படியிலிருந்து ஈரக் கையோடு ஓடிவந்தேன். "எந்தப் பாத்திரம் திருடு போச்சு?" மேசையே குலுங்கிச் சிரித்தது. அப்படிச் சிரித்ததெல்லாம் அதோடு சரி.

"கொஞ்சம் வாயை மூடு மாப்ளே" என்றிருந்தால் தீர்ந்தது. அண்ணன் சொல்லவில்லை, விதியை மாற்றினார். திருட வேண்டுமானால் ஆறு விழ வேண்டும் என்றார். அவனுக்கு ஆறாகவே விழுந்தது. மணல் இறங்கும் வரைதான் பேச்சு என்றார். அவன் வேகமாகப் பேசக் கற்றுக்கொண்டான்.

"விதி சரியில்லம்மா" என்று என்னிடம் புலம்புவார்.

"விதி மேல பழி போடாதீங்கண்ணே. ஆண்டவன் என்ன பண்ணுவான்?"

"நான் விளையாட்டு விதிய சொல்றேன்."

"எந்த விதியா இருந்தா என்ன? ஆளு சரியில்ல. அவன்கிட்ட சொல்லுங்க."

"சொன்னா உங்க அண்ணி மூஞ்சிய தூக்கி வச்சுக்குவா. விதின்னா யாருக்கும் கோவம் வராதுல்ல?"

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பிரார்த்தனைக்குக் கண்ணை மூடினாலும் அந்தப் பதில்தான் வந்து நிற்கும்.

ஒரு ஞாயிறு, கோட்டைக் கதவுக்கு முன்னால் தையல்காரரின் முறை. காவலாளியிடம் பேசியே கதவைத் திறக்க வைக்க வேண்டும். துணி வெட்டும்போதெல்லாம் அதையே யோசித்து வந்திருந்தாராம். அண்ணன் கடிகாரத்தைப் படுக்க வைத்தார். தம்பி பார்த்துவிட்டான்.

"என்ன மாமா, எனக்கு ஒரு விதி, அவருக்கு ஒரு விதியா?" எடுத்து நிமிர்த்தி வைத்தான்.

"கா... காவ... கா..." மணல் தீர்ந்தது.

"டைம் போச்சு! நான் கதவ உடைக்கிறேன்!"

எல்லாரும் அண்ணனைப் பார்த்தார்கள். அண்ணன் பகடையைப் பார்த்தார். "சரி, உருட்டு மாப்ளே."

தையல்காரர் டீயைக் குடித்து முடித்து, தம்ளரை அவரே கொண்டுவந்து என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அப்புறம் வரவில்லை. பேக்கரிக்காரரும் வேலை என்று நின்றுகொண்டார்.

"போய்க் கூப்பிடுங்கண்ணே."

"விதிய சரிபண்ணிட்டுக் கூப்பிடுறேம்மா."

கூப்பிடுவதற்குள் அண்ணனுக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்துவிட்டது. பஸ் ஏற்றிவிடப் போனேன். அதன்பின் அவரை உயிரோடு பார்க்க எனக்குக் கொடுத்துவைக்கவில்லை.

"தையல்காரர ஒரு எட்டுப் பாத்தீங்களா?" என்றேன். இல்லை என்று தலையாட்டினார். வண்டி நகர்ந்தது. பக்கத்தில் அண்ணி கண்ணசந்துவிட்டாளா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிச் சொன்னார்:

"புது விதி ஒண்ணு யோசிச்சு வச்சிருக்கேம்மா. மச்சானுங்க யாரையும் சேத்துக்கக் கூடாது."