மூன்றாம் மாடியில் ஒரு ஸ்டூல்

தி. நகரில் ஒரு பெரிய ஜவுளிக்கடையின் பெண்கள் விடுதியில் என்னைப் பற்றி ஒரு கதை உலவுகிறது. அதைச் சொல்பவளுக்குப் பத்தொன்பது வயது. அந்தக் கதையில் நான் யாருக்கும் பயப்படாதவள், சட்டம் தெரிந்தவள், ஒரு வார்த்தையில் ஒரு மாடியையே மாற்றியவள். இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம்தான் வருகிறது.

நடந்ததைச் சொல்கிறேன். கடைகளுக்கு பில்லிங் மென்பொருள் எழுதித் தரும் ஒரு சிறிய நிறுவனத்தில் வேலை செய்கிறேன். அலுவலகம் தேனாம்பேட்டையில். புதிதாக மென்பொருள் வாங்கும் கடைக்குப் போய், ஸ்கேனர்களைப் பொருத்தி, ஊழியர்களுக்குச் சொல்லிக்கொடுத்து, எல்லாம் ஓடுகிறதா என்று பார்த்துக் கையெழுத்து வாங்குவது என் பொறுப்பு. அந்த ஜவுளிக்கடையில் மூன்று வாரம் இருந்தேன். பெரும்பாலும் மூன்றாம் மாடி, காட்டன் சேலைப் பிரிவு.

எதையும் பட்டியல் போட்டுத்தான் செய்வேன். எந்த மேஜைக்கு எத்தனை ஸ்கேனர், எங்கே பிளக் பாயின்ட் இல்லை, எந்தக் கணினி எந்தப் பிரிவுக்கு. நான்காவது நாள் அந்தப் பட்டியலோடு மாடியைச் சுற்றி வந்தபோது கவனித்தேன். வாடிக்கையாளர்களுக்கு நாற்காலி இருந்தது. காசாளருக்கு இருந்தது. பிரிண்டருக்குக்கூடத் தனியாக ஒரு ஸ்டாண்டு இருந்தது. சேலை எடுத்துப் போடும் பன்னிரண்டு பெண்களுக்கு உட்கார எதுவும் இல்லை. காலை ஒன்பதரைக்கு நிற்க ஆரம்பித்தால் கடை மூடும்வரை நிற்க வேண்டும். ஆள் இல்லாத நேரத்தில் சுவரில் சாய்ந்தாலும் கேமரா பார்த்துவிடும்.

அவர்களில் ஸ்கேனரை எல்லோரையும்விடச் சீக்கிரம் கற்றுக்கொண்டவள்தான் இன்று அந்தக் கதையைச் சொல்பவள். தென்காசிப் பக்கம். அன்று மதியம் கூட்டம் குறைந்ததும் ஒரு சேலைக்கட்டின் ஓரத்தில் பாதி உடம்பைச் சாய்த்தாள். செருப்பின் வார் வீங்கிய பாதத்துக்குள் புதைந்திருந்தது. மாடியின் சூப்பர்வைசர், அவருக்கும் அதே பக்கத்து ஊர்தான், எங்கிருந்தோ வந்தார்.

“ஏட்டி, எந்திரி. மகாராணிக்கு விசிறி விட ஆள் அனுப்பவா?”

நான் லேப்டாப்பிலிருந்து தலையை நிமிர்த்தாமலேயே சொன்னேன். “அண்ணாச்சி, கடையில வேலை பாக்குறவங்களுக்கு உட்கார இடம் குடுக்கணும்னு சட்டமே இருக்கு. உங்ககிட்ட யாரும் சொல்லலையா?”

அங்கே இரண்டு வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். அவர்களில் ஒரு அம்மா, “அதானே, பாவம்” என்றார். சூப்பர்வைசர் சிரித்தார். “அதுக்கென்ன மேடம், உக்காரட்டும்.” அவரே போய் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டார். அவள் அதன் விளிம்பில் உட்கார்ந்தாள். அவ்வளவுதான். மொத்தமும் ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. நான் மறுபடி என் பட்டியலுக்குப் போய்விட்டேன்.

மறுநாளிலிருந்து கேட்காமலேயே எனக்கு டீ வந்தது. இரண்டாம் மாடியிலிருந்தும் பெண்கள் என்னைப் பார்க்க வந்தார்கள்.

“மேடம் வக்கீலுக்குப் படிச்சவியளா?”

“இல்ல, எலெக்ட்ரானிக்ஸ்.”

“ஏட்டி, அவியளுக்குத் தெரியாதது ஒண்ணு இருக்கா” என்று அவள் குறுக்கே பாய்ந்தாள். “அண்ணாச்சிய நேருக்கு நேரா கேட்டாவ. அவரு மூஞ்சி போன போக்கப் பாக்கணுமே.”

எனக்கு அது பிடித்திருந்தது. மந்தைவெளியில் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். தோழியிடம் சொன்னேன். ஒவ்வொரு முறையும் என் வாக்கியம் கொஞ்சம் கூர்மையானது. இரண்டாவது முறை சொல்லும்போதே லேப்டாப்பை மூடிவிட்டு எழுந்து நின்றதாகச் சொன்னேன்.

வேலை முடிந்தது. கையெழுத்து வாங்கினேன். அடுத்து அடையாறில் ஒரு பல்பொருள் அங்காடி. ஒரு மாதம் கழித்து, காலை எட்டு மணிக்கு அவள் கூப்பிட்டாள். ஒன்பது மணிக்குள் போனைக் கடையில் ஒப்படைத்துவிட வேண்டும்.

“மேடம், என்னைய வாசலுக்குப் போட்டுட்டாவ.”

நான் போன மறுநாளே ஸ்டூல் போய்விட்டதாம். இவள் கேட்டிருக்கிறாள். உனக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்று சூப்பர்வைசர் திருப்பிக் கேட்டிருக்கிறார். “அந்த மேடம் சட்டம் இருக்குன்னு சொன்னாங்கல்லா” என்று மேனேஜர் முன்னாலும் சொல்லியிருக்கிறாள். அதற்குத்தான் வாசல். தி. நகர் கூட்டத்தைப் பார்த்து “வாங்கக்கா, உள்ள வந்து பாருங்கக்கா” என்று நாள் முழுக்கக் கூப்பிட வேண்டும். மே மாத வெயில். சாய்ந்துகொள்ளச் சுவர்கூட இல்லை.

அவள் அழவில்லை. உரிய அதிகாரியிடம் தகவல் தெரிவிப்பது போலச் சொன்னாள். “நீங்க வந்து ஒரு வார்த்த சொன்னாப் போதும் மேடம்.”

அன்று யார் யார் மேல் கோபம் என்று எண்ணிப் பார்த்தேன். சூப்பர்வைசர். மேனேஜர். இத்தனை மாடி கட்டிவிட்டுப் பன்னிரண்டு ஸ்டூல் வாங்க மனம் வராத முதலாளி. சொன்னதை அப்படியே நம்பித் திருப்பிச் சொன்ன இவள். என் பெயர் கடைசியில்தான் வந்தது. முதலில் வந்திருக்க வேண்டும். அந்த ஒரு நிமிடத்தில் பேசியது நான், அதற்கு நின்றுகொண்டிருப்பது அவள் கால்கள்.

ஸ்கேனரைச் சோதிக்க வேண்டும் என்று சாக்குச் சொல்லிவிட்டுப் போனேன். வாசலில் செக்யூரிட்டிக்காரர், “இன்னாமா, மிஷினு மறுபடியும் படுத்துக்கிச்சா?” என்றார். அவருக்கு அந்தப் பக்கம் அவள் நின்றிருந்தாள். முகம் கறுத்து, குரல் கட்டிப்போயிருந்தது. என்னைப் பார்த்ததும் பக்கத்தில் நின்ற பெண்ணிடம் சொன்னாள். “இவியதான்.”

மேலே சூப்பர்வைசர் என்னை மரியாதையாக வரவேற்றார். “நல்லாப் பேசுத புள்ள மேடம், அதான் வாசல்ல போட்டிருக்கு. புரமோஷன் மாதிரி.”

“ஸ்டூல்?”

“எல்லா மாடியிலயும் போட்டாச்சே. பாருங்க.”

உண்மைதான். மூன்றாம் மாடியில் ஆறு ஸ்டூல் இருந்தன. ஒவ்வொன்றின் மேலும் மடித்த சேலைகள் என் மார்பு உயரத்துக்கு அடுக்கப்பட்டிருந்தன.

“இதுல எங்க உட்காருவாங்க?”

“சீசன் முடியட்டும் மேடம்.”

கீழே வந்து அவளிடம் உண்மையைச் சொன்னேன். “எனக்கு இங்க எந்த அதிகாரமும் கிடையாது. நான் ஸ்கேனர் மாட்ட வந்தவ. நான் சொன்னதால ஒண்ணும் நடக்கல, உனக்குக் கெடுதல்தான் நடந்திருக்கு.”

“சும்மா சொல்லாதீங்க மேடம்” என்று சிரித்தாள்.

தொழிலாளர் துறைக்கு மனு எழுதலாம் என்றேன். “எம் பேரு வேண்டாம். ஊருக்கு அனுப்பிருவாவ. தங்கச்சி பன்னெண்டாவது படிக்கா. உங்க பேர்ல எழுதுங்க மேடம், நீங்கதான் பயப்பட மாட்டீங்களே.”

பயந்தேன். அந்தக் கடை எங்கள் நிறுவனத்தின் பெரிய வாடிக்கையாளர். ஐந்து நாள் எழுதவில்லை. ஆறாவது நாள் எழுதினேன். மாடி, பிரிவு, வேலை நேரம், ஸ்டூல் மேல் சேலை, கேட்டதற்காக ஒரு பெண்ணை வாசலுக்கு மாற்றியது, எல்லாம். கீழே என் பெயர், முகவரி.

அது கடைக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்குத் தெரியாது. என் மேலாளர் கூப்பிட்டார். “உன்ன யாரு லேபர் இன்ஸ்பெக்டர் ஆக்குனது? ஸ்கேனர் வேலை செய்யுதா, அதோட நிறுத்திக்க. இனிமே நீ எந்தக் கடைக்கும் போக வேண்டாம்.” தேனாம்பேட்டை அலுவலகத்திலேயே, தொலைபேசியில் சந்தேகம் கேட்பவர்களுக்குப் பதில் சொல்லும் வேலைக்கு மாற்றினார். ஏசி உண்டு. உயரத்தை ஏற்றி இறக்கிக்கொள்ளும் நாற்காலி உண்டு. வாயைத் திறந்ததற்கு எனக்குக் கிடைத்த தண்டனை, நாள் முழுக்க உட்கார்ந்திருப்பது.

இரண்டு வாரம் கழித்துக் காலையில் ஒரு படம் அனுப்பினாள். மூன்றாம் மாடி. சேலைகள் எல்லாம் அலமாரியில். அவள் ஸ்டூலில் உட்கார்ந்து, கைகளை மடியில் வைத்துச் சிரிக்கிறாள். உடனே கூப்பிட்டேன்.

“பாத்தீங்களா மேடம், நீங்க சொன்னது நடந்துட்டு. நேத்து ஆபீசர்மாரு வந்தாவ. வாசலுக்கு அனுப்புன புள்ள யாருன்னு கேட்டாவ. அண்ணாச்சி என்னைய மேல கூட்டிப்போயி உக்கார வச்சுட்டாரு. இவ இங்கதான இருக்கான்னு காட்டுனாரு.”

அவள் பெயரை நான் எழுதவில்லை. ஆனால் அவளை அடையாளம் காட்ட நான் எழுதியதே போதுமானதாக இருந்திருக்கிறது.

“எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்த?”

“அவிய கீழ இறங்குத வரைக்கும். பத்து நிமிஷம் இருக்கும்.”

“அப்புறம்?”

“அப்புறம் வாசல்தான்.” பிறகு அவளாகவே சொன்னாள். “நல்லாருந்துச்சு மேடம்.”

அவளிடம் நான் குரலை உயர்த்தியது அதுதான் முதல் முறை. “போட்டோல எதுக்குச் சிரிச்ச? உன்னை யாரு சிரிக்கச் சொன்னா?”

“அண்ணாச்சிதான் சிரிக்கச் சொல்லி அவரு போன்ல எடுத்தாரு, ராத்திரி எனக்கும் அனுப்புனாரு” என்றாள், சாதாரணமாக. “மேடம், நேரமாயிட்டு, போனக் குடுக்கணும். அடுத்து என்ன பண்ணப் போறீங்கன்னு மட்டும் சொல்லுங்க. ஹாஸ்டல்ல பிள்ளையளு எல்லாம் கேக்கும்.”

அவளை அறையலாம் போல இருந்தது. என்னை வெறுத்துவிடு என்று சொல்லலாம் போல இருந்தது. இரண்டையும் செய்யாமல், மறுபடி எழுதுகிறேன் என்றேன். இந்த முறை மாடியைப் பற்றி இல்லை. அதிகாரிகளை மதியம் இரண்டு மணிக்கு, முன்கூட்டிச் சொல்லாமல், வாசலுக்கு வந்து பார்க்கச் சொல்லி எழுதுகிறேன். அந்தப் பத்து நிமிடத்தையும் எழுதுகிறேன்.

“சரி மேடம்” என்றாள். போனைத் துண்டிக்கும் முன் பக்கத்தில் யாரிடமோ அவள் சொல்வது கேட்டது.

“நான் சொன்னேம்லா, ஏட்டி.”