அரிசியில்லாத ஐந்து சாதம்

மலாயாவில் கூலாய்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் தனலெட்சுமியின் வாய்க்குப் பயப்படாதவர் யாருமில்லை. சண்டையில் நாட்டைப் பிடித்திருந்த ஜப்பான்காரன் மட்டும்தான் விதிவிலக்கு. அவனுக்குத் தமிழ் புரியாது.

அவளுடைய தம்பி அய்யாவுவைச் சயாமில் ரயில் பாதை போட லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அன்றிலிருந்து அவன் பெண்டாட்டி செல்லம் சரியாகச் சாப்பிடவில்லை. வயிற்றில் ஏழு மாதம். இப்படியே கிடந்தால் தாயும் பிழைக்க மாட்டாள், பிள்ளையும் பிழைக்காது என்று தனலெட்சுமி பயந்தாள். வளைகாப்பு நடத்தியே தீருவதென்று கிளம்பிவிட்டாள்.

"புருஷனும் இல்ல, அரிசியும் இல்ல. என்னடி வளைகாப்பு?" என்றாள் பக்கத்து வீட்டு ராசம்மா.

"சப்பான்காரன் அரிசியத்தான கொண்டு போனான்? என் கைய விட்டுட்டுத்தான போனான்!"

மரவள்ளிக்கிழங்கைத் துருவி, பிழிந்து, வெயிலில் உலர்த்தினாள். வளைகாப்புச் சாதங்களுக்கு அதுதான் அரிசி. அதை ஆவியில் வைத்து, பொலபொலவென்று வந்ததும் சட்டென இறக்கிவிட வேண்டும். கொஞ்சம் அசந்தால் பசையாகிவிடும், சுவரொட்டி ஒட்டத்தான் உதவும். எலுமிச்சைக்குப் பதில் பல் கூசப் புளிக்கும் பெலிம்பிங் காய். புளிக்குப் பதில் மலாய்க்காரர்கள் மீன்குழம்பில் போடும் அசாம் துண்டு. தயிருக்குப் புளிக்கவைத்த தேங்காய்ப்பால். தேங்காய் சாதத்துக்குக் குறையில்லை. சர்க்கரைப் பொங்கலுக்குச் சீனிக்கிழங்கு. சாம்பாருக்குப் பருப்பில்லை, பலாக்கொட்டைதான். அது லேசில் வேகாது என்று விடியும் முன்பே அடுப்பில் ஏற்றிவிட்டாள். ராசம்மா பப்பாளிக்காய் கொண்டுவந்தபோது, "பிள்ளைத்தாச்சி வீட்டுக்கா இத தூக்கிட்டு வர்ற?" என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினாள்.

புகையைப் பார்த்துவிட்டுத் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி ஓடிவந்தார்.

"கூட்டம் கூடக் கூடாது! சப்பான் அதிகாரி வந்தா என் தலை போயிரும். அடுப்ப அணைம்மா!"

"பலாக்கொட்டை இன்னும் வேகல கிராணி. இப்ப இறக்குனா கல்லு மாதிரி நிக்கும். நீங்க போய் அவனக் கூட்டிட்டு வாங்க, அதுக்குள்ள வெந்துரும்."

கிராணி அவள் முகத்தையும் அவள் கையிலிருந்த கரண்டியையும் பார்த்தார். யாரையும் கூட்டிவரவில்லை.

செல்லத்தை மனையில் உட்காரவைத்து, வேப்பங்குச்சியை வளைத்துக் கையில் போட்டார்கள். கண்ணாடி வளையலுக்கு எங்கே போவது? இலையில் ஐந்து வகையும் விழுந்தன. செல்லம் வெகுநேரம் குனிந்தே இருந்தாள். அப்புறம் செல்லம் ஒரு வாய் எடுத்தாள். மென்றாள். முகத்தைச் சுளித்தாள்.

"புளிப்பு பத்தல, அண்ணி."

சுற்றியிருந்த பெண்கள் தனலெட்சுமியைத் திரும்பிப் பார்த்தார்கள். தனலெட்சுமியின் சமையலில் குறை சொல்லித் தப்பியவர் கிடையாது.

"பத்தலையா? பத்தலைன்னா கேட்டு வாங்கித் தின்னுடி!" என்று கத்தினாள் தனலெட்சுமி. கண்ணீர் வழிய வழிய, கொதிக்கும் அசாம் தண்ணீரை எடுக்க அடுப்படிக்கு ஓடினாள்.