பனி நாளில் எலக்ட்ரீஷியன் பரீட்சை

பக்கத்து வீட்டில் பேஸ்மென்ட் வேலை நடக்கிறது. வயர் ஓடும் இரும்புக் குழாயை அறுக்கும்போது எழும் சூடான எண்ணெய் வாசனை வேலி தாண்டி வந்து, காபியோடு நின்ற என்னைப் பத்தொன்பது வயதுக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டது. சிலருக்கு மல்லிகை. எனக்கு வாய்த்தது இது.

சித்தப்பா மூலமாகக் கிரீன் கார்டு கிடைத்து நியூ ஜெர்சிக்கு வந்த புதிது. சென்னையில் வங்கி அதிகாரியாக இருந்த அப்பா, ஐசலினில் ஒரு மளிகைக் கடையில் வேலை பார்த்தார். என்னைக் கல்லூரிக்கு அனுப்ப வசதியில்லை. அரசாங்க உதவியோடு நடந்த எலக்ட்ரீஷியன் பயிற்சியில் சேர்ந்தேன். ஃபீஸ், பஸ் பாஸ், கருவிப் பை, பூட்ஸ் எல்லாம் அவர்களே கொடுத்தார்கள். என் அளவில் பூட்ஸ் இல்லாததால் இருந்ததை மாட்டிக்கொண்டு வாத்து மாதிரி நடப்பேன்.

"வயர் இழுக்கவா இவள இவ்ளோ தூரம் கூட்டிட்டு வந்தேன்?" என்று அப்பா அம்மாவிடம் புலம்புவார். உறவினர்கள் கேட்டால், "எலக்ட்ரிக்கல் பண்றா" என்பார். 'இன்ஜினியரிங்' என்பதை அவர்களே சேர்த்துக்கொள்வார்கள். பொய்யும் இல்லை, பாருங்கள்.

வகுப்பில் என்னைத் தவிர ஒரே தமிழ்ப்பெண் ஜெசிந்தா அக்கா. யாழ்ப்பாணம். கணவர் லாரியோடு கிளம்பினால் வாரக்கணக்கில் வரமாட்டார். கைக்குழந்தையை டேகேரில் விடுவதற்கும் பயிற்சிக்காரர்களே பணம் கட்டினார்கள். ஆனால் செய்முறைப் பரீட்சைக்கு வராவிட்டால் உதவி அத்தனையும் நின்றுவிடும்.

அந்தப் பரீட்சையன்று பார்த்துப் பனி கொட்டியது. பஸ் ஓடவில்லை. அப்பா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே என்னைக் காரில் கொண்டுபோனார். அந்தக் கட்டடத்துக்கு அவர் வந்தது அதுதான் முதல் தடவை. வாசலில் ஜெசிந்தா அக்கா குழந்தையை அணைத்தபடி நின்றிருந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"டேகேர பூட்டிப்போட்டாங்கள். பிள்ளையோட உள்ள வரக்கூடாதாம். நான் வீட்ட போறன். நீ போய் நல்லாச் செய்."

பின்னால் அப்பாவின் கார்க் கண்ணாடி இறங்கும் சத்தம் கேட்டது.

"குழந்தைய இங்க குடும்மா. கார்ல ஹீட்டர் ஓடுது. நீங்க ரெண்டு பேரும் உள்ள போங்க."

"அங்கிள், அவ சரியா அழுவா, நிப்பாட்டமாட்டா."

"அழட்டும். இவ அழாத அழுகையா? நான்தான் தூக்கிட்டு நடந்தேன்."

இவள் என்றது என்னைத்தான்.

உள்ளே குழாயை வளைக்க வேண்டும், வயர் கோக்க வேண்டும், விளக்கு எரிய வேண்டும். ஜெசிந்தா அக்கா முதலில் ஒருமுறை ஜன்னல் பக்கம் பார்த்தார். அப்புறம் பார்க்கவே இல்லை. அவர் விளக்கு என் விளக்குக்கு முன்பே எரிந்தது.

வெளியே வந்தபோது, அப்பாவின் ஓவர்கோட்டுக்குள் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அப்பா அசையாமல், கழுத்தைக்கூடத் திருப்பாமல் உட்கார்ந்திருந்தார்.

"மெதுவா... இப்பத்தான் தூங்கினா." பிறகு என்னை விட்டுவிட்டு ஜெசிந்தா அக்காவைப் பார்த்து, "பாஸ் பண்ணிட்டியாம்மா?" என்றார்.

அக்கா தலையாட்டினார்.

இருவருமே லைசென்ஸ் வாங்கினோம். ஜெசிந்தா அக்கா வெகுதூரத்து ரவுண்ட் ராக் நகருக்குப் போய்ச் சொந்தமாகக் கான்ட்ராக்ட் எடுத்துச் செய்கிறார். அப்பா இறந்த செய்தி கேட்டு, விமானம் பிடித்து வந்து, என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

போன மாதம் பிரிட்ஜ்வாட்டர் கோயில் கேன்டீனில், தெரிந்தவர் மகள் ஒருத்தி தயங்கித் தயங்கி வந்தாள். காலேஜைப் பாதியில் விட்டவள்.

"ஆன்ட்டி, ஐ வான்ட் டு டூ வாட் யூ டூ. எலக்ட்ரீஷியன் ஆகறதுக்கு எங்க அப்ளை பண்ணணும்?"

உற்சாகமாக நான் படித்த இடத்துக்கு வழி சொல்ல ஆரம்பித்தேன். ஹைவேயிலிருந்து இறங்கி, சிக்னலில் வலது பக்கம்... அங்கே நிறுத்திக்கொண்டேன். நிதி நின்று, பயிற்சியை மூடி, கட்டடத்தையும் இடித்துவிட்டார்கள். அந்தப் பெண் ஃபோனில் முகவரியைக் குறித்துக்கொள்ளத் தயாராக, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.