கல்யாணத்துக்கு முந்தின நாள் ஆட்டம்

எங்கள் கடலோர ஊரான போர்ட்கெரிக்கில் குளிர்காலம் முழுக்க, பனி உறைந்து வழுக்காமலிருக்க ரோட்டில் உப்பு தூவும் லாரியை ஓட்டுகிறவள் எல்ஸ்பெத் கெடி. ஊர் விழிப்பதற்குள் அவள் வேலை முடிந்துவிடும். காலையில் நாங்கள் வழுக்கி விழாமல் ரொட்டிக் கடைக்குப் போய்ச் சேர்ந்தால், அதற்கு அவள்தான் காரணம் என்று யாரும் நினைப்பதில்லை. அவளும் அதை எதிர்பார்த்ததில்லை. ஐம்பத்தேழு வயது. கல்யாணம் ஆகவில்லை. அப்பா படுத்த படுக்கையாகக் கிடந்த வருஷங்களில் அவரைப் பார்த்துக்கொண்டாள். அவர் போன பிறகும் அதே வீட்டில், கடலைப் பார்த்த அதே சமையலறையில், தனியாக இருந்தாள்.

வாரத்தில் அவள் வாய்விட்டுப் பேசுவது சனிக்கிழமை காலையில் மட்டும். கடலோரத்துக் கோல்ஃப் மைதானத்தில், பள்ளிக்கூடக் காலத்துத் தோழி ரோனாவோடு ஒன்பது குழி ஆடுவாள். ரோனா ஊரில் முடி வெட்டும் கடை வைத்திருந்தாள். கடைக்கு வரும் பெண்களின் கதையையெல்லாம் அவள் சொல்லச் சொல்ல, எல்ஸ்பெத் சிரித்துக்கொண்டே நடப்பாள். ஆட்டம் முடிந்ததும் ரோனா, "வீட்டுக்கு வாயேன்டி, ஒரு வாய் டீ குடிச்சிட்டுப் போ" என்பாள். எல்ஸ்பெத்துக்கு அப்போதுதான் ஏதாவது வேலை ஞாபகம் வரும்.

கணவரை இழந்து பல வருஷம் ஆன ரோனா, ஆர்க்னித் தீவிலிருந்து வந்த டார்க்கில் என்கிற நண்டு பிடிக்கும் மீனவரைக் கல்யாணம் செய்துகொள்வதாகச் சொன்னபோது ஊரே சந்தோஷப்பட்டது. எல்ஸ்பெத்தும் சந்தோஷப்பட்டாள். மனிதர் இங்கே குடிவந்துவிடுவார், சனிக்கிழமை ஆட்டம் சனிக்கிழமையாகவே இருக்கும் என்று அவள் நினைத்துக்கொண்டாள். யாரிடமும் கேட்கவில்லை.

"மணப்பெண் தோழியா நீ நில்லுடி" என்று ரோனா கேட்டாள்.

"நீள கவுன் போட்டு நானா? கட்டிவச்ச கூடாரம் மாதிரி இருக்கும். ஆளை விடு."

"சரி, அப்ப கல்யாணத்துக்கு முந்தின நாள் என்கூட ஒரு ஆட்டமாவது ஆடு."

அதற்கு மட்டும் எல்ஸ்பெத் உடனே தலையாட்டினாள்.

அந்த ஏப்ரல் வெள்ளிக்கிழமை அவள் மட்டைகளையெல்லாம் துடைத்து, புது நீல ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு மைதானத்துக்குப் போனாள். ரோனாவின் பக்கத்தில் இன்னொரு பெண் நின்றிருந்தாள்.

"இவ இங்கா. டார்க்கிலோட தங்கச்சி. நேத்து படகுல வந்தா. சேர்ந்து ஆடலாம்ல?"

"ஆடலாமே" என்றாள் எல்ஸ்பெத். அந்த ஒரு காலை தனக்கு மட்டும் என்று அவள் எண்ணியிருந்தது யாருக்குத் தெரியும்?

இங்கா நல்லவள். கலகலவென்று பேசுகிறவள். மூன்றாவது குழியில் ரோனா தள்ளி நின்று பந்துக்குக் குறி பார்த்துக்கொண்டிருந்தபோது, இங்கா எல்ஸ்பெத்திடம் திரும்பினாள்.

"எங்க தீவுலயும் மைதானம் இருக்குங்க. காத்துதான் ஆளையே தூக்கிட்டுப் போயிரும். அண்ணி வந்து பழகிக்கிட்டாத்தான் உண்டு. கிழக்குப் பக்க ரூமை முடி வெட்டுற கடையா மாத்திட்டோம். கண்ணாடி மட்டும்தான் மாட்டணும்."

"எந்த வீட்டுல?"

"எங்க அண்ணன் வீட்டுலதான்." இங்கா அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். "உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்."

எல்ஸ்பெத் போய்த் தன் பந்தை அடித்தாள். அது வளைந்துபோய் மஞ்சள் பூத்த முட்புதருக்குள் விழுந்தது. மட்டையால் முள்ளை விலக்கிக்கொண்டு அவள் உள்ளே நுழைந்தாள். தேடினாளோ, சும்மா நின்றாளோ தெரியாது. கொஞ்ச நேரத்தில் ரோனா அவள் பின்னாலேயே வந்தாள்.

"இங்கா சொல்லிட்டாளா?"

"ம்."

"நானே சொல்லணும்னுதான் இருந்தேன்."

"எப்ப? படகு ஏறினப்புறமா?"

"எங்க வச்சு சொல்லச் சொல்ற? காத்துல கத்தியா? வீட்டுக்கு வா, உக்காந்து பேசணும்னு ஜனவரியிலேர்ந்து கூப்பிடறேன். வாரா வாரம் உனக்கு லாரி கழுவணும்."

"கழுவலேன்னா உப்பு அரிச்சிடும்."

"அரிக்கட்டுமே." ரோனாவின் குரல் உடைந்தது. "என் வீட்டுக்காரர் செத்த வாரம் நீ என்ன பண்ண? வாசல்ல சூப்பை வச்சிட்டு மணியடிச்சிட்டு ஓடிட்ட. ஜன்னல் வழியா பாத்துக்கிட்டுதான் இருந்தேன். நீ கேட்டைத் திறந்ததுமே ரெண்டு தட்டு எடுத்து வச்சேன்டி."

எல்ஸ்பெத் கையில் குத்திய முள்ளைப் பிடுங்கினாள். "எனக்கு என்ன பேசறதுன்னு தெரியல" என்றாள்.

"உன்னை யாரு பேசச் சொன்னா? சும்மா வந்து உக்காந்திருந்தா போதாதா?"

வெளியிலிருந்து இங்கா கூப்பிட்டாள். "பந்து கெடச்சுதா?"

"கெடைக்கல" என்றாள் ரோனா, மூக்கைத் துடைத்துக்கொண்டு. "விட்டுடலாம். வேற பந்து போட்டுக்குவா."

மிச்ச ஆட்டத்தில் பேச்சை இழுத்துப் பார்த்த இங்கா காற்றைக் குறை சொல்லிவிட்டு அடங்கினாள். எல்ஸ்பெத் ஒவ்வொரு அடியையும் கவனமாக அடித்தாள். அவள் ஆடியதிலேயே நல்ல ஆட்டங்களில் அது ஒன்று என்று ரோனா பிறகு எங்களிடம் சொன்னாள்.

ஒன்பதாவது குழிக்கு முன்னால் ஒரு மணல்மேடு உண்டு. அதற்குப் பின்னால் ரோனா கடைப் பெண்கள் வாளிகளோடு ஒளிந்திருந்தார்கள். எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு முன் மணப்பெண்ணைப் பிடித்துக் கரியும் வெல்லப்பாகும் மாவும் பூசி, வண்டியில் ஏற்றி, தட்டுமுட்டுச் சாமான்களைத் தட்டிக்கொண்டு ஊரைச் சுற்றுவோம். ஐம்பத்தாறு வயதானால் என்ன, மணப்பெண் மணப்பெண்தான். அவளை அந்த இடத்துக்குக் கூட்டிவரும் பொறுப்பு எல்ஸ்பெத்துடையது. பத்து நாளாக அவள் அதை மனசுக்குள் பொத்தி வைத்திருந்தாள்.

மேடு நெருங்கியதும் அவள் நின்றாள்.

"ரோனா, அந்த ஷூவைக் கழட்டிடு. புதுசு."

ரோனா அவளையும் மேட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். "அடிப்பாவி. நீயும் கூட்டா?"

கழற்றி முடிப்பதற்குள் பெண்கள் கூச்சலோடு ஓடிவந்தார்கள். முதல் வாளிப் பாகு ரோனாவின் தலையில் விழுந்தது. பிறகு மாவு, பிறகு அடுப்புக்கரி. எல்ஸ்பெத் கையில் ஒரு ஜோடி ஷூவோடு தள்ளி நின்றிருந்தாள். கருப்பும் வெள்ளையுமாய் வழிந்துகொண்டிருந்த ரோனா கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக அவளிடம் வந்து, இறுகக் கட்டிக்கொண்டாள். புது ஸ்வெட்டர் முழுக்கப் பாகு. எல்ஸ்பெத் ஷூவைக் கீழே போடவில்லை. அவளைக் கடைசியாக யார் அப்படிக் கட்டிக்கொண்டார்கள் என்று அவளுக்கே நினைவில்லை.

டிராக்டர் வண்டி வந்தது. எல்லோரும் ஏறினார்கள். "ஏறுங்க, எல்ஸ்பெத்" என்று இங்கா கை நீட்டினாள்.

"நீங்க போங்க. மட்டையெல்லாம் கிடக்குது, எடுத்துட்டு வரேன்."

பாத்திரம் தட்டும் சத்தம் துறைமுகம் வரை போய்த் தேய்ந்தது. எல்ஸ்பெத் மூன்று மட்டைப் பைகளையும் ஒவ்வொன்றாகக் கிளப்புக்குத் தூக்கிக்கொண்டு வந்து சேர்த்தாள். பிறகு வீட்டுக்குப் போய் ஸ்வெட்டரை வெந்நீரில் ஊறப்போட்டாள்.

கல்யாணத்தில் டார்க்கிலின் சித்தப்பாக்கள் மேஜையில் உட்கார்ந்தாள். ஒரு பாட்டுக்கு எழுந்து சுற்றி நடனமாடினாள். மறுநாள் ரோனாவை வழியனுப்பப் படகுத்துறைக்குப் போகவில்லை.

அதற்கப்புறம் வந்த சனிக்கிழமைகளில் தனியாக ஆடினாள். தனியாக ஆடுகிறவர் பின்னால் வருகிற ஜோடிகளுக்கு ஒதுங்கி வழிவிடுவதுதான் எங்கள் மைதானத்து வழக்கம். ஒரு ஆட்டத்தை முடிக்க அவளுக்கு மதியம் ஆகிவிடும். "எங்ககூட வந்து சேர்ந்துக்கோங்களேன்" என்று சிலர் கூப்பிட்டோம். "இல்லை, நான் மெதுவா ஆடறவ" என்பாள். எங்களைவிட அவள்தான் வேகமாக ஆடுவாள்.

ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை, மட்டைகளை எடுத்துக்கொள்ளாமல், ஒரு சின்னப் பையோடு அவள் படகு ஏறினாள். சாயங்காலமே திரும்பிவிடுவதாகத்தான் திட்டம். தீவில் ரோனாவின் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தபோது கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை என்று பிறகு சொன்னாள். ரோனா எதுவும் கேட்கவில்லை. ஒரு தட்டை அவள் முன்னால் வைத்துவிட்டுப் பக்கத்து ரூமில் யாருக்கோ முடி வெட்டப் போய்விட்டாள். எல்ஸ்பெத் சாப்பிட்டாள், ஜன்னலைப் பார்த்தாள், டார்க்கிலோடு சேர்ந்து வலை பின்னினாள். திங்கட்கிழமைதான் திரும்பினாள்.

ஊர் வந்து சேர்ந்ததும் ரோனாவுக்குப் போன் செய்தாள்.

"வந்து சேர்ந்துட்டேன்."

"சாப்பிட்டியா?"

"இனிமேத்தான்."

அதற்கு மேல் இருவருக்கும் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் யாரும் போனை வைக்கவில்லை. அந்தப் பக்கம் கத்திரிக்கோல் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. கடைக்கு இன்னொருத்தி வந்துவிட, ரோனா வைத்துவிட்டாள். எல்ஸ்பெத் எழுந்துபோய் ஒரு ஆளுக்கு உருளைக்கிழங்கு வேகப் போட்டாள்.